கையை எடுத்தா அணைஞ்சு போகுது

மொட்டையப் பாத்துட்டுத்தான கேக்கறீங்க? கேளுங்க, தப்பில்லீங்க. பழனிக்கு முடியோட போயி மொட்டையோட திரும்பி வர்றதுதான் ஊர் வழக்கம். இந்தாளு என்னடான்னா மொட்டையோடயே பழனி பஸ்ஸுல உக்காந்திருக்கறானேன்னு நீங்க நெனைக்கறது ஞாயந்தான். ஆனா நான் பழனிக்குப் போகலீங்க. டிக்கெட்டப் பாருங்க, உடுமலைக்குத்தான் எடுத்திருக்கறேன். உடுமலைல எறங்கி, ஒரு ஆளப் பாத்து, இந்தக் கவரக் குடுத்து, ஒரு வார்த்தை சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சுக் கோயமுத்தூர் திரும்பிருவேன். அவ்வளவுதான் சோலி.

அந்தக் கண்டக்டர் எதுக்குச் சிரிக்கறான்னு கேக்காதீங்க. அவனுக்கு வேற வேலை இல்லை.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பல்சக்கரத்தப் பழுக்கக் காய்ச்சி உறுதி ஏத்தற கம்பெனில எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன். முப்பத்தோரு வருசம். மூணு ஜி.எம். மாறிட்டாங்க, நான் மாறல. எங்க உலைக்குக் கரண்டு குடுக்கறது தைரிஸ்டர்னு ஒரு சாமானுங்க. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நீங்க என்ன பண்றீங்க, ஜவுளிக் கடையா? அப்பச் சுத்தமாத் தெரியாது. பரவால்ல, நான் சொல்றேன். எங்கம்பெனில பி.ஈ. படிச்சுட்டு வர்ற பசங்களுக்கே நாந்தான் சொல்லித் தர்றேன்.

அது ஒரு கதவு மாதிரிங்க. கரண்டு வாசல்ல வந்து நின்னுட்டே இருக்கும், உள்ள உடாது. பக்கத்துல கேட்டுன்னு மூணாவதா ஒரு ஒயர் இருக்கும். அதுல ஒரு பொட்டுக் கரண்டு குடுத்து லேசாத் தட்டி உட்டாப் போதும், கதவு தொறந்து நூறு ஆம்பியர் தடதடன்னு ஓடும். அதுக்கப்பறம் கேட்டுல இருந்து கையை எடுத்துட்டாலும் கதவு மூடாது. அதுதான் அதோட குணம். தட்டறது ஒரு தடவைதான், நிக்கறது தானா நிக்கும். ஓடற கரண்டு தானாக் கொறைஞ்சு செத்தாத்தான் மூடும். நம்ம லைன் கரண்டு ஏசி பாருங்க, நொடிக்கு நூறு தடவை செத்துச் செத்துப் பொழைக்கும். அதனால நூறு தடவையும் தட்டோணும். அதைத் தட்டறதுக்குத் தனியா ஒரு கார்டு இருக்குது. சுருக்காத் தட்டுனா உலை எச்சாக் காயும். தாமதமாத் தட்டுனாக் கம்மியாக் காயும். புரிஞ்சுதுங்களா? என்ற சம்சாரத்துக்கும் இதையச் சொல்லிப் பாத்தேன். "உங்களை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டுட்டா நீங்களும் அப்படித்தானுங்களே, நிறுத்த முடியறதில்லையே"ன்னா. பொம்பளைங்ககிட்டத் தொழிலப் பேசக் கூடாதுங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்கம்பெனில ஒரு முறை இருக்குதுங்க. புதுசா எந்தத் தைரிஸ்டர் வந்தாலும் மொதல்ல என்ற மேசைக்குத்தான் வரோணும். நான் டெஸ்ட் பண்ணி, தலைமேல செவப்புப் பெயிண்டுல ஒரு பொட்டு வெச்சாத்தான் ஸ்டோருக்குள்ள போகும். பொட்டு வெக்காத பீஸு பேனலுக்குள்ள ஏறுன சரித்திரமே இல்லை. மொதலாளியே வந்து கேட்டாலும் "பொட்டு இருக்குதா?"ன்னுதான் கேப்பேன்.

டெஸ்ட் போர்டு நானே பண்ணுனது. ஒரு பலகை, ஒரு பன்னெண்டு வோல்ட் பேட்டரி, ஒரு லாரி ஹெட்லைட் பல்ப். தைரிஸ்டர நடுவுல மாட்டி, கேட்டுல ஒரு ஒயரத் தொட்டா பல்ப் எரியும். ஒயர எடுத்துடோணும். எடுத்த பொறகும் எரிஞ்சுட்டே இருந்தா நல்ல பீஸு. அணைஞ்சா ஓட்டை. இதுக்கு எதுக்குங்க காலேஜு? இருபத்தாறு வருசம் இந்தப் போர்டு ஒரு நாள் பொய் சொன்னதில்லை.

போன ஆயுத பூஜைக்குப் போர்டத் தொடைச்சுச் சந்தனம் வெக்கறப்ப, அந்த லாரி பல்ப் என்ற கைபட்டுக் கீழ உழுந்து ஒடைஞ்சுருச்சுங்க. பூஜை நாளு, மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. உடனே ஸ்டோருக்குப் போயிப் புது பல்ப் கேட்டேன். ஸ்டோர் கீப்பர் சூசைராஜு. அந்தாளப் பாக்கத்தான் இப்பப் போயிட்டிருக்கறேன். எனக்கு அவரு இருபத்திரண்டு வருசப் பழக்கம். மத்தியானச் சோறு ஒண்ணாத்தான் திம்போம். அவரு கருவாடு கொண்டாந்தா எனக்கு, என்ற வீட்டுக் கொள்ளுப் பருப்பு அவருக்கு. அப்படி.

சூசைராஜு என்ன சொல்றாரு தெரியுங்களா? "நாச்சிமுத்து, லாரி பல்ப் இப்பக் கையில இல்லை. ரெண்டு நாள் பொறு, பழைய மாதிரியே வாங்கித் தர்றேன்"ங்கறாரு. நான் சொன்னேன், "எந்தக் காலத்துல இருக்கறீங்க? ஒலகமே எல்.ஈ.டி.க்கு மாறிருச்சு. பேனல்ல மாட்டற கொட்டைப்பாக்கு சைஸு எல்.ஈ.டி. ஒண்ணு குடுங்க. பளிச்சுன்னு எரியும், சூடும் இல்லை, கரண்டும் ஒரு சொட்டுதான் இழுக்கும்"னு. அவரு தலையச் சொறிஞ்சுட்டே எடுத்துக் குடுத்தாரு. நான் மாட்டுனேன், மாலை போட்டேன், சூடம் காட்டுனேன். அன்னைக்குத் தொடங்குச்சுங்க கெரகம்.

ஆயுத பூஜை முடிஞ்சு பத்தாம் நாள் உலைல ஒரு தைரிஸ்டர் போயிருச்சு. நெசமாலுமே வெடிச்சுப் போயிருச்சு. சூசைராஜு புதுசு ரெண்டு வாங்கிட்டு வந்தாரு. என்ற போர்டுல மாட்டுனேன். ஒயரத் தொட்டா எரியுது. கையை எடுத்தா அணைஞ்சு போகுது! மறுபடி தொட்டா எரியுது, எடுத்தா அணையுது. ரெண்டுமே ஓட்டை. வேற வாங்கிட்டு வாங்கன்னேன். அடுத்த வாரம் நாலு வந்துச்சு. நாலும் அதே கதை. அப்பறம் மூணு. உத்துப் பாத்தா மேல அச்சடிச்ச எழுத்துங்கூட லேசாச் சாஞ்சிருந்துச்சு. டூப்ளிகேட்டுங்க! அச்சு அசல் டூப்ளிகேட்.

இப்ப நீங்களே சொல்லுங்க. இருபத்தாறு வருசமா நல்ல பீஸா வந்துட்டு இருந்தது, ஆயுத பூஜைக்கு அப்பறம் ஒண்ணு கூட நல்லதா வரலைன்னா, ஆயுத பூஜைல என்னவோ மாறியிருக்கோணும்ல? நான் ஒக்காந்து யோசிச்சேன். மூணு நாள் யோசிச்சேன். என்ன மாறுச்சு, என்ன மாறுச்சுன்னு. கண்டுபுடிச்சுட்டேனுங்க. சூசைராஜு வீட்டுக்கு அந்தப் பூஜை நோம்பித் தள்ளுபடிலதான் புது ஃபிரிட்ஜு வந்துச்சு! ரெட்டைக் கதவு! ஸ்டோர் கீப்பருக்கு எதுக்குங்க ரெட்டைக் கதவு?

நான் வாயத் தொறக்கல. பொறுமையா இருந்தேன். உலையும் அரைச் சூட்டுலதான் ஓடுச்சு. பல்சக்கரமெல்லாம் பாதி வெந்த சோறாட்ட வெளிய வந்துச்சு, வாங்குன கம்பெனிக்காரன் லாரியோட திருப்பி உட்டான். மொதலாளி வந்து கேண்டீன் முன்னாடி நின்னுட்டு, "என்ன ஃபோர்மேன், ஒரு தைரிஸ்டர் மாத்தறதுக்கு ரெண்டு மாசமா?"ன்னு கத்துனாரு. எல்லாரும் டீக் கிளாஸக் கையில வெச்சுட்டு என்னையே பாக்கறாங்க. சூசைராஜும் நிக்கறாரு. என்னைய அத்தன பேரு முன்னாடி கேட்டா நான் என்னங்க பண்ணுவேன்? சொல்லிட்டேன். "என்னையக் கேக்காதீங்க மொதலாளி. அசலை வித்துட்டு டூப்ளிகேட்டக் கொண்டாந்து வெக்கற திருடன் அங்க நிக்கறான், அவனக் கேளுங்க"ன்னுட்டேன்.

"அவரு"ன்னு சொல்லியிருக்கலாம். "அவன்"னு வந்துருச்சு.

சூசைராஜு டீய மேசைல வெச்சாரு. மடில இருந்து சாவிக்கொத்த எடுத்து மொதலாளி கைல குடுத்தாரு. மத்தியானச் சோறு கொண்டார்ற தூக்குப்போசி ஒண்ணு வெச்சிருப்பாரு, அதக்கூட எடுக்காம நடந்தாரு. என்ற பக்கத்துல வந்தப்ப மட்டும், "நாச்சிமுத்து, அந்த பல்ப ஒரு தடவை மாத்திப் பாரு"ன்னு மெதுவாச் சொன்னாரு. பாருங்க அந்தாளோட தைரியத்த! திருடன்னு சொன்னதுக்குப் பதில் சொல்லாம பேச்சை எங்க கொண்டு போறாருன்னு!

அதுக்கப்பறமும் ஓஞ்சுதான்னு கேளுங்க. ஜி.எம்.மு தானே கார எடுத்துட்டுப் போயி, பெரிய ஏஜென்சில, சீல் ஒடைக்காத பெட்டியா எட்டுப் பீஸு வாங்கிட்டு வந்தாரு. என்ற போர்டுல மாட்டுனேன். எட்டும் அணைஞ்சு போச்சு! அப்பத்தானுங்க எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. சூசைராஜு அந்தப் பெரிய ஏஜென்சி வரைக்கும் ஆளு வெச்சிருக்கறாரே, எவ்வளவு பெரிய கையின்னு. மொத்தம் பதினேழு பீஸுங்க. பதினேழையும் பொட்டு வெக்காம ஒரு தகர டப்பால போட்டு, 'டூப்ளிகேட், தொடாதே'ன்னு எழுதி வெச்சேன்.

பொள்ளாச்சி தாண்டிட்டமுங்களா? கோமங்கலம் வருது. இன்னும் அரை மணி நேரம் இருக்குது, சொல்லி முடிச்சர்றேன்.

அப்ப வந்து சேந்துச்சுங்க ஒரு பொண்ணு. நிலோஃபர்னு பேரு, புது எலெக்ட்ரிக்கல் இஞ்சினியர். கரண்டுக்குப் பயப்படாத புள்ளை, அதை நான் ஒத்துக்கறேன். வந்த மூணாம் நாளே உலை முழுசா நின்னு போச்சு. நான் மத்தியானம் சாப்புட்டுக் கை கழுவிட்டு வந்து பாக்கறேன், உலை எரிஞ்சுட்டிருக்குது! முழுச் சூடு! "எங்கிருந்து எடுத்து மாட்டுனீங்க மேடம்?"னு கேட்டா, "உங்க தகர டப்பால இருந்துதாண்ணா"ங்குது. பொட்டு வெக்காத பீஸு! "வெடிச்சுரும் மேடம், டூப்ளிகேட்டு"ன்னேன். வெடிக்கல. அன்னைக்கும் வெடிக்கல, மக்யா நாளும் வெடிக்கல. பாக்கிப் பீஸையும் ஒண்ணொண்ணா மாத்தி மாட்டிப் பாத்துருச்சு அந்தப் புள்ளை. பதினேழும் ஓடுது.

டூப்ளிகேட்டக்கூட இப்ப நல்லாப் பண்ணக் கத்துக்கிட்டானுங்க.

அப்பறம் மேடம் என்ற மேசைக்கு வந்து போர்டப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. கம்பெனி லாரி டிரைவர்கிட்டச் சொல்லி ஒரு பழைய லாரி பல்ப் கொண்டாரச் சொல்லி, எல்.ஈ.டி.யக் கழட்டிட்டு அத மாட்டுச்சு. ஒரு பீஸ வெச்சுது, கேட்டத் தொட்டுச்சு, கையை எடுத்துச்சு. எரியுது. இன்னொண்ணு. எரியுது. ஜி.எம்.மு, மொதலாளி, வெல்டர், வாட்ச்மேன் எல்லாம் கூடிட்டாங்க. "அண்ணா, தட்டறது எழுப்பி உடறதுக்கு மட்டுந்தான். எந்திரிச்சது நிக்கோணும்னா, அது வழியாக் கொஞ்சமாச்சும் கனமான கரண்டு ஓடோணும். லாரி பல்ப் அந்தக் கரண்ட இழுத்துச்சு. இந்தக் குட்டி எல்.ஈ.டி. இழுக்காது. அதனால நீங்க கையை எடுத்த உடனே படுத்துருது. பீஸு மேல ஒரு குத்தமும் இல்லை"ன்னுச்சு.

முப்பத்தோரு வருச ஃபோர்மேனுக்குப் பாடம்! சரி, பல்புதான்னே வெச்சுக்கங்க. அந்த பல்பக் குடுத்தது யாரு? சூசைராஜு. என்ற மேசைக்கு அந்தச் சாமானம் யாரு கையில இருந்து வந்துச்சு? அத யாரும் கேக்கலீங்க. நான் கேட்டேன். நிலோஃபர் மேடம் ஸ்டோர் ரிஜிஸ்டரத் தொறந்து காட்டுச்சு. அன்னைய தேதில சூசைராஜு கையெழுத்துல எழுதியிருக்குது: 'ஃபோர்மேன் பிடிவாதத்தின் பேரில் எல்.ஈ.டி. வழங்கப்பட்டது. லாரி பல்ப் வாங்க வேண்டும்.' கீழ என்ற கையெழுத்து. நான் என்னைக்குங்க படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன்?

இப்பக் கம்பெனில சூசைராஜத் திரும்பக் கூப்படறாங்க. இந்தக் கவருல இருக்கறது அந்த லெட்டருதான். அவரு போன்ல சொல்லிட்டாராம்: "லெட்டரெல்லாம் வேண்டாமுங்க. நாச்சிமுத்து வரட்டும். வந்து, அன்னைக்குச் சொன்ன அதே வாயில, சூசைராஜு திருடன் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். வந்தர்றேன்"னு. ஒரு வார்த்தைதானுங்க. எனக்கென்ன, சொல்லிட்டுப் போறேன். நாளைக்கு அவரு வரலைன்னா புது ஸ்டோர் கீப்பர எடுத்துருவாங்க. அப்பறம் காலத்துக்கும் அந்தாளு திருடன்ங்கற பேரோடதான் வெளிய போனாருன்னு இருக்கும். எனக்கும் அது சங்கடந்தானுங்க, இல்லீங்கல.

திங்கக்கெழமையே கெளம்புனேன். உடுமலைல மக வீட்டுலதான் இருக்கறாரு. வீடு சந்துக்குள்ளங்கறதால அவரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தாரு. பஸ்ஸு நின்னுச்சு. எறங்கலாம்னு எந்திரிச்சேன். படியில ஒரே கூட்டம். கூட்டம் கொறையட்டும்னு உக்காந்தேன், பஸ்ஸு எடுத்துட்டான். சரி, வந்ததே வந்தாச்சு, பழனிக்குப் போயி முருகனப் பாக்கலாம்னு போனேன். அங்க போனா மனசுக்கு என்னமோ தோணுச்சு, முடியக் குடுத்துட்டேன். அதுதான் இந்த மொட்டை. புதங்கெழமை மறுபடி வந்தேன். அன்னைக்கு உடுமலைல கண்ணு அசந்துட்டேன். பழனிலதான் முழிச்சேன். குடுக்கறதுக்கு முடி இல்லை, சும்மா மலையேறிட்டு வந்தேன். மூணாவது இன்னைக்கு. வெள்ளிக்கெழமை, நல்ல நாளு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? பஸ்ஸுல உக்காந்தவன் கண்ணு அசரமாட்டானா?

இதா, உடுமலை வந்துருச்சு. மைசூர்பா டப்பாவக் கொஞ்சம் எடுங்க. அவருக்குத்தான், அவருக்கு இனிப்புன்னா உசுரு. சரிங்க, சரிங்க, நீங்க தள்ள வேண்டாம், நானே எந்திரிக்கறேன். "எறங்குங்க, எறங்குங்க"ன்னு நீங்க முதுகுல கைய வெச்சுச் சொல்றது நல்லாத்தான் இருக்குது. எந்திரிச்சுட்டேன் பாருங்க. அதா, அந்த நீலச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. அவருதான். கண்ணுல பொறை ஆபரேசன் பண்ணியிருக்காராம். ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்துட்டு வர்றாரு. நீங்க உக்காருங்க, நான் போயிக்கறேன். உடுங்க கைய.

பாத்தீங்களா? பாத்தீங்கல்ல? நீங்களே சாட்சி. எறங்கலாம்னுதான் நின்னேன். நீங்க கைய எடுத்து உக்காந்தீங்க, கால் வலிச்சுது, நானும் சித்த உக்காந்தேன். அதுக்குள்ள அந்தாளு நம்ம ஜன்னலுக்கே வந்துட்டாரு. நேரா என்ற மூஞ்சியப் பாத்து, என்னையவே கேக்கறாருங்க: "ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்து நாச்சிமுத்துன்னு ஒருத்தரு இந்த பஸ்ஸுல வந்தாருங்களா? நரைச்ச முடி, நல்லா அடர்த்தியா இருக்கும்"னு. இருபத்திரண்டு வருசம் ஒண்ணா உக்காந்து தின்ன மூஞ்சிங்க இது! முடி போனா ஆளே தெரியாதா? தலைய மட்டும் இப்படி ஆட்டுனேன். இல்லைன்னு. அவரு என்ன சொன்னாரு, கேட்டீங்கல்ல? "சரிங்க. அடுத்த பஸ்ஸுல வருவாரு, வர்றேன்னு சொல்லியிருக்கறாரு"ங்கறாரு.

அடையாளங்கூடத் தெரியாத ஆளுகிட்டப் போயி நான் என்னத்தச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

ஏனப்பா கண்டக்டரு, பழனி ஒண்ணு குடு. சிரிக்காமக் குடு. இந்தாங்க, மைசூர்பா எடுத்துக்கங்க. திங்கக்கெழமை டப்பாவும் புதங்கெழமை டப்பாவும் இப்படித்தான் ஆச்சு. மொட்டை போடற எடத்துல இன்னைக்குக் கூட்டமா இருக்கும், நான் கூட்டிட்டுப் போறேன் வாங்க. எனக்கு அங்க எல்லாருமே பழக்கம்.

என்னத்தங்க பின்னால திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? இன்னும் அங்கயேதான் நிக்கறாருங்களா?

நிக்கட்டுமுங்க. பத்து நிமிசத்துல அடுத்த பஸ்ஸு வந்துரும்.